நெற்றிச் சூடு

ஆடித்தபசுத் திருவிழா கூட்டமே இல்லாமல் கழிந்துபோன அந்த வருஷம், ஆவணி மாதத்தில், என் மாமாவின் நெற்றியைக் குளிரவைக்கும் வேலை மூன்று நாட்களுக்கு எனக்குக் கிடைத்தது. அப்போது எனக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. செல்போனில் பாடம் நடத்துகிறார்கள் என்றார்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே நல்ல செல்போன் காலையிலேயே மாமாவோடு பூ மார்க்கெட்டுக்குப் போய்விடும். அதனால் நானும் செல்போனின் பின்னாலேயே மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். பாடம் படிக்கப் போகிறேன் என்பது அம்மாவிடம் சொன்ன காரணம். அம்மாவும் அதை நம்புவதுபோல இருந்துகொண்டாள்.

மாமா அம்மாவின் தம்பி. அப்பா திருப்பூரில் வேலை பார்த்ததால் மாமா எங்களோடுதான் இருந்தார். கல்யாண மாலை கட்டுவதில் சங்கரன்கோவிலில் அவர் கைக்குத் தனி மதிப்பு உண்டு. ரோஜாவுக்கும் சம்பங்கிக்கும் நடுவில் மருக்கொழுந்தை அவர் வைக்கிற இடத்தைப் பார்த்தே இது இன்னார் கட்டிய மாலை என்று சொல்லிவிடுவார்கள். வாயும் சும்மா இருக்காது. எதிரே வருகிற யாரையும் சிரிக்க வைக்காமல் அனுப்ப மாட்டார்.

மார்க்கெட்டை அப்போது ஒரு மைதானத்துக்கு மாற்றியிருந்தார்கள். வாங்க வருகிறவர்கள் நெருங்கி நிற்கக் கூடாது என்று தரையில் சுண்ணாம்பால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு கூடையையோ கல்லையோ செருப்பையோ வட்டத்துக்குள் வைத்துவிட்டு, எல்லோரும் வேப்பமர நிழலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். செருப்புகள் மட்டும் ஒன்றுக்கொன்று ஆறடி தள்ளி ஒழுங்காக நிற்கும். கடைதோறும் வேப்பிலைக் கொத்து தொங்கியது. நுழைகிற இடத்தில் மஞ்சள் தண்ணீர் ஒரு அண்டாவில் இருந்தது. முகக்கவசம் எல்லோரிடமும் இருந்தது, பெரும்பாலும் தாடையில். பேச வாய் வேண்டும். நார் கிழிக்கப் பல் வேண்டும். மாலை கட்டுகிறவர்களுக்கு இரண்டு கை போதாது. நாரின் ஒரு முனை கால் விரலில் இருந்தால் இன்னொரு முனை பல்லில்தான் இருக்கும்.

எல்லாவற்றையும்விட மார்க்கெட் நம்பியது வாசலில் இருந்த காய்ச்சல் கருவியைத்தான். வியாபாரிகளே சேர்ந்து அதை வாங்கி, மூட்டை தூக்குகிற ஒரு அண்ணனின் கையில் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேராகத் துப்பாக்கி போல அதைப் பிடிப்பார். சூடு இருந்தால் திரும்பிப் போக வேண்டும். அந்தக் கடையைப் பதினாலு நாள் திறக்கக் கூடாது.

ஆவணி முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது.

அந்த முகூர்த்தத்தில் ஐந்து கல்யாணத்துக்கு மாலை கட்டித்தர மாமா ஒப்புக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றாலும் மாலையில் யாரும் குறைக்கவில்லை. பங்குனியிலிருந்து முடங்கிக் கிடந்த தொழிலுக்குக் கிடைத்த முதல் நல்ல நாள் அது. பூவுக்குச் சொல்லியாயிற்று. அன்று காலை அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது மாமா என்னைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, ஃப்ரிட்ஜுல ஐஸ் கெடக்கா?”

“கெடக்கு. எதுக்கு மாமா?”

“ஒரு வேடிக்கை காட்டுதேன். தூக்குவாளியில போட்டு எடுத்துக்கோ. அம்மைக்குத் தெரியாண்டாம்.”

மைதானத்துக்கு முந்தின சந்தில் மொபெட்டை நிறுத்தினார். நான் பூ மூடுகிற ஈரத்துணியில் ஐஸ் கட்டிகளைப் பொதிந்து அவர் நெற்றியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். நூறு எண்ணச் சொன்னார். எண்பதில் விரல்கள் மரத்துப்போயின. அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நெற்றி குளிர்ந்திருந்தாலும் அவர் மூச்சு என் மணிக்கட்டில் சுடச்சுடப் பட்டது. பிறகு துண்டால் துடைத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போனோம்.

வாசல் அண்ணன் கருவியைப் பிடித்தார். எண்ணைப் பார்த்தார். மறுபடியும் பிடித்தார்.

“என்ன அண்ணாச்சி, நேரா ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்தா வாரிய?”

“நல்ல மனசுக்காரனுக்கு ஒடம்பு குளுமையாத்தாம்லே இருக்கும்” என்றார் மாமா.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஊரையே ஏமாற்றிவிட்டு வந்ததுபோல எனக்கு அவ்வளவு பெருமை. உள்ளே போனதும் மாமா ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு மாலை கட்ட உட்கார்ந்தார். “சூட்டுக் காய்ச்சல்தான்ட்டி. வெயில்ல அலைஞ்சது. ரெண்டு நாள்ல போயிரும்” என்று நான் கேட்காமலே சொன்னார். பூ அதுவரை காத்திருக்காது என்பது எனக்கே தெரியும்.

மாமாவின் கடைக்கு அடுத்த இடம் நார்க்கடை அண்ணாச்சியுடையது. கரிவலம்வந்தநல்லூர்க்காரர். வாசுதேவநல்லூர்ப் பக்கத்திலிருந்து வாழைநாரை வரவழைத்து, ஊறவைத்துப் பிரித்துப் பூக்கட்டுகிறவர்களுக்கு விற்பார். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். மாமா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவருக்குப் போதும். நான் செல்போனில் பாடம் பார்க்கிறேனா வேறு ஏதாவது பார்க்கிறேனா என்று எட்டிப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். தினமும் எட்டு மணிக்கு ஒரு டீ வாங்கி வருவார். பாதியைத் தான் குடித்துவிட்டு அதே கிளாஸை மாமாவிடம் நீட்டுவார். மாமா குடித்துக்கொண்டிருந்தால் மீதிக்குக் கை நீட்டுவார். பழைய மார்க்கெட்டில் இருந்தபோதே தொடங்கிய பழக்கம். கொரோனா வந்தும் அது நிற்கவில்லை.

இரண்டாவது நாள் அவர் கிளாஸை நீட்டியபோது மாமா வாங்கவில்லை.

“இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி. நீரே குடியும்.”

“ஏம்வே? டீ மேல என்ன கோவம்?”

“ஒண்ணுமில்ல. வயிறு சரியில்ல.”

“வயிறு சரியில்லன்னாத்தான் சூடா குடிக்கணும். பிடியும்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். எங்கள் வேடிக்கை வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று எனக்குப் பயம். மாமா கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இவ்வளவுதானா?” என்று சொல்லிவிட்டு மீதியை அண்ணாச்சி ஒரே மடக்கில் குடித்தார்.

மூன்றாவது நாள் பிற்பகலில் கடைசி மாலையையும் வாழையிலையில் சுற்றி அனுப்பியாயிற்று. பத்து மாலை. எல்லாம் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் மாமா கூடையின் அடியில் மிஞ்சிக் கிடந்த மல்லியை ஒரு கை அள்ளி முகத்துக்குக் கொண்டுபோனார். வேலை முடிந்ததும் அவர் வழக்கமாகச் செய்வதுதான். கையை எடுத்தார். மறுபடியும் வைத்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“ஏட்டி, இது வாசமா இருக்கா?”

எனக்கு இது அடுத்த வேடிக்கை என்று தோன்றியது. “இல்லையே மாமா, வாசமே இல்லையே” என்றேன், விளையாட்டாக.

“வெளையாடாத. உள்ளதைச் சொல்லு. வாசம் இருக்கா இல்லையா?”

அந்தக் குரலில் அவர் என்னிடம் அதுவரை பேசியதில்லை. “இருக்கு மாமா. நல்லாத்தான் இருக்கு” என்றேன். அவர் பிச்சிப் பூவை எடுத்து முகர்ந்தார். மருக்கொழுந்தைக் கசக்கி முகர்ந்தார். சின்ன வயதிலிருந்து பூவுக்குள்ளேயே கிடந்த மனிதர். எழுந்து முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டார். பக்கத்துக் கடையில் நாரைப் பிரித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் பக்கம் ஒரு முறை பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லாமல் மொபெட்டை எடுத்தார். நான் பின்னால் ஏறப் போனபோது, “நீ நடந்து வா. எம் பக்கத்துல வராத” என்றார். வெயிலில் தனியாக நடக்கவிட்டார் என்று வீடு வரை அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். மாமாவுக்கு இருந்தது. எனக்கும் அம்மாவுக்கும் இல்லை. கல்லூரிக் கட்டடம் ஒன்றில் கட்டில்கள் போட்டு நோயாளிகளை வைத்திருந்தார்கள். தெருவே ஜன்னல் வழியாகப் பார்க்க, ஆம்புலன்ஸில் மாமாவை அங்கே கொண்டுபோனார்கள். எங்கள் வாசலில் தகரம் அடித்தார்கள். போகும் முன்பு மாமா மார்க்கெட்டில் நாலைந்து பேருக்குப் போன் செய்து, தனக்கு நோய் இருப்பதையும் எல்லோரும் போய்ப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொன்னார். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து நாள் கழித்து நார்க்கடை அண்ணாச்சியை அதே கட்டடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாமாவின் கட்டிலுக்கு அடுத்த கட்டில்தான் காலியாக இருந்ததாம். “இங்கனயும் பக்கத்துலதான் எடம் கெடைச்சிருக்குவே” என்று அண்ணாச்சி சிரித்தாராம். இதை அம்மாதான் போனில் கேட்டுவிட்டு எனக்குச் சொன்னாள். இரண்டு நாள் அப்படி இருந்தார்கள். மூன்றாவது நாள் அண்ணாச்சிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு வாரம் இருந்து இறந்துபோனார். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அவர் மனைவியைத் தூரத்தில் நிற்கவைத்துக் காட்டிவிட்டு நேரே எடுத்துப் போய்விட்டார்கள். ஊரில் பாதி மாலையைத் தன் நாரில் கட்டவைத்தவருக்கு ஒரு மாலை போட ஆளில்லை.

யாரிடமிருந்து அவருக்கு வந்தது என்று மார்க்கெட்டில் பேச்சு எழுந்தது. அந்த வாரம் அவர் வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்திருந்தார். அங்கேதான் பிடித்திருக்கும் என்று முடிவு செய்துகொண்டார்கள். எனக்கு அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது. ஏன் நிம்மதியாக இருந்தது என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இன்று நர்சிங் படிக்கிறேன். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அப்படி அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது என்று எனக்குத் தெரியும். வாசுதேவநல்லூராகவும் இருக்கலாம். டீ கிளாஸாகவும் இருக்கலாம்.

திரும்பி வந்த மாமா வேறு ஆளாக இருந்தார். குழாய் வைத்த ஒரு டிரம்மைக் கடை முன்னால் நிறுத்தி, சோப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். கை கழுவாமல் பூவைத் தொட யாரையும் விடவில்லை. கத்தரிக்கோல் வாங்கி வந்து மாலை கட்டுகிற ஒவ்வொருவரிடமும் கொடுத்தார். யாராவது பழக்கத்தில் நாரைப் பல்லில் வைத்தால் அங்கிருந்தே சத்தம் போடுவார். டீக்கடைக்காரரிடம் சண்டை போட்டுக் காகிதக் கப்புக்கு மாற்றினார். இருமுகிறவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, அவர்கள் கடைப் பூவைத் தானே உட்கார்ந்து விற்றுக் கொடுத்தார். மார்க்கெட்டில் அவருக்குச் சோப்பு அண்ணாச்சி என்று பெயர் வைத்தார்கள். அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை.

அதிகாலையில் வாசலில் கருவி பிடிக்கிற வேலையையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அவரிடம் வருகிறவர்கள் முதலில் உலர்ந்த துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நிழலில் உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் கருவியைப் பிடிப்பார்.

“எதுக்கு அண்ணாச்சி இந்தப் பாடு? பூவு வாடுதுல்லா?”

“வாடட்டும். இரும்.”

இப்படியொரு முறையை எங்கிருந்து படித்தார் என்று அவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தவள் என்ற பெருமையில் நான் அவரைப் பார்த்துச் சிரிப்பேன். அவர் என் பக்கம் திரும்பவே மாட்டார். வீட்டிலும் அப்படித்தான். நான் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், “மாமா, எம் மேல கோவமா?” என்று கேட்டேன். “ஒம் மேல எனக்கென்ன கோவம்” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

கார்த்திகை மாதத்தில் நார்க்கடை அண்ணாச்சியின் மனைவி நார்க்கட்டோடு மார்க்கெட்டுக்கு வந்தார். புருஷன் உட்கார்ந்த இடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். மாமா அவரை மதினி என்றுதான் கூப்பிடுவார். அன்று அவருக்குத் தண்ணீர் பிடித்து வைத்தார், நிழலுக்குப் படுதா கட்டிக் கொடுத்தார். அந்த அம்மா டிரம்மையும் சோப்பையும் கத்தரிக்கோலையும் பார்த்தார். “தம்பியை மாதிரி ஒரு ஆளு அன்னைக்கு வாசல்ல நின்னிருந்தா எங்க வீட்டுல அவுக இருந்திருப்பாக” என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். மாமா கையில் இருந்த பூவைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று முழுவதும் கடைப் பக்கம் வரவில்லை. மாலைக்கு வந்தவர்களை நான்தான் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா மொபெட்டை எடுத்தார். “எங்க மாமா? நானும் வாரேன்” என்றேன். மாதக்கணக்காக அவர் என்னை எங்கும் கூட்டிப் போகவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, ஏறிக்கொள்ளச் சொன்னார். மொபெட் கரிவலம்வந்தநல்லூரில் போய் நின்றது.

அண்ணாச்சியின் வீட்டு வாசலில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் நிற்கவில்லை. கதவருகே போய் நின்றேன். அந்த அம்மா அடுப்பங்கரைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். மாமா நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு மூணு நாளாக் காய்ச்சல் இருந்துச்சு மதினி. தெரிஞ்சேதான் வந்தேன். நெத்தியில ஐஸை வச்சு ஏமாத்திட்டு உள்ள வந்தேன். அண்ணாச்சி டீயை நீட்டுனாரு. வேண்டாம்னு சொன்னேன். ஏன்னு கேட்டாரு. அதை என்னால சொல்ல முடியல.”

அந்த அம்மா அசையாமல் நின்றார். திட்டப் போகிறார், அடிக்கக்கூடப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

“அவுகளும் காய்ச்சலோட ரெண்டு நாளு மார்க்கெட்டுக்கு வந்தாக தம்பி. நான்தான் மாத்திரையைக் குடுத்து, சொல்லிக்கிடாதியன்னு அனுப்பிச்சேன். அதுல யாருக்கு என்ன ஆச்சுன்னு நான் யாருகிட்டயும் கேக்கல. கேக்கப் பயமா இருந்துச்சு.”

மாமா தலையை நிமிர்த்தவில்லை. மன்னித்தேன் என்று அந்த அம்மா சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது கதவருகே நான் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

“அந்த மூணு நாளும் இந்தப் பிள்ளையும் ஒம்மகூடத்தான வந்துச்சு? இவளுக்கு இதெல்லாம் தெரியுமா?”

மாமா சட்டென்று நிமிர்ந்தார். அன்று அந்த வீட்டில் அவர் தயங்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

“தெரியாது மதினி. இவ வீட்டுல இருந்தா. ஐஸை நானே கொண்டாந்து நானே வச்சுக்கிட்டேன். இவளுக்கு ஒண்ணுமே தெரியாது.”

எனக்கு முகம் சூடேறியது. தூக்குவாளியைச் சுமந்தவள் நான். விரல் மரத்துப்போக நூறு வரை எண்ணியவள் நான். எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா என்னைப் பார்த்தார். அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக நேராகப் பார்த்தார். நான் பேசாமல் நின்றுவிட்டேன். அந்த அம்மா உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “குடி மக்கா” என்று என்னிடம் கொடுத்தார். என் தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

திரும்பி வரும்போது நான் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொள்ளவில்லை. மொபெட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளியே உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்லப் போன இடத்தில்கூட மாமாவால் ஒரு பொய் சொல்லாமல் இருக்க முடியவில்லையே என்று எனக்கு ஒரே கோபம். அந்தக் கோபம் தீர எனக்குப் பல நாள் பிடித்தது. அந்தப் பொய் யாருக்காகச் சொன்னது என்று விளங்க அதைவிட எவ்வளவோ அதிக காலம் பிடித்தது.